தேங்காய் நாரும் கார் விளக்கும்

காரைப் பார்க்க வந்த புரோக்கர் சேகர், அதை மூன்று முறை சுற்றி வந்தார். கதவைத் திறந்து மூடினார். டயரைக் காலால் உதைத்தார். கடைசியில் முன்பக்கம் குத்துக்காலிட்டு உட்கார்ந்து, வலது பக்க முகப்பு விளக்கை நகத்தால் சுரண்டினார்.

“வண்டியத் தங்கமா வச்சிருக்கீங்கம்மா. ஆனா ரெண்டு லைட்டும் போச்சே” என்றார்.

“லைட்டு எரியுதே” என்றேன்.

“எரியும்மா. எரிஞ்சு என்ன? மேல் மூடி மஞ்சளாப் பூத்துக் கெடக்கு. உள்ள எரியிற வெளிச்சம் வெளிய வந்தாத்தானே? பொழுது சாஞ்சா இத வச்சு எப்படி ஓட்டுனீங்க?”

வேப்பமரத்தடியில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்த எங்கள் வீட்டுக்காரர் அங்கிருந்தே குரல் கொடுத்தார். “எங்கய்யா மஞ்சள்? வெள்ளையாத்தானே இருக்கு. வெலையக் கொறைக்கணும்னா நேராக் கேளு.”

சேகருக்காகக் கொண்டு வந்த மோர்ச் செம்பு என் கையிலேயே இருந்தது. எப்படி ஓட்டினேன்? நானும் ஒரு மாதமாக அதைத்தான் என்னையே கேட்டுக்கொண்டிருந்தேன். கேட்டுக் கேட்டு அழுதும் இருக்கிறேன். அந்த நிமிஷம் வரை நான் குற்றம் சாட்டியதெல்லாம் என் கண்களை.

“சேகரு, இந்த மோரைக் குடிங்க. குடிச்சிட்டுக் கெளம்புங்க. வண்டி விக்கிறதா இல்லை” என்றேன்.

நாற்காலி கிறீச்சிட்டது. வீட்டுக்காரர் எழுந்து விட்டார்.

கல்லில் ஏறிய கார்

என்னைப் புதிதாகப் படிக்கிறவர்களுக்காக ஒரு வரி. முப்பது வருஷத்துக்கு மேல் கிராம சுகாதாரச் செவிலியராக இருந்தவள் நான். சைக்கிளில் ஆரம்பித்து, மொபெட்டில் ஏறி, நாற்பத்தெட்டு வயதில் கார் ஓட்டப் பழகினேன். “இந்த வயசுல எதுக்கும்மா?” என்று கேட்ட டிரைவிங் ஸ்கூல்காரரையே பின்சீட்டில் உட்கார வைத்து, குடுமியான்மலை வரை ஓட்டிப்போய்த் திரும்பினேன். அவர் வழிநெடுக முன்சீட்டைப் பிடித்துக்கொண்டு வந்தார் என்பது வேறு விஷயம்.

எங்கள் வீட்டுக்காரர் வளைகுடாவில் இருபது வருஷம் லாரி ஓட்டியவர். ஊருக்குத் திரும்பிய வருஷம் வாங்கிய கார் இது. முதலில் அவர்தான் ஓட்டினார். மூன்று வருஷத்துக்கு முன் ஒருநாள், “முழங்கால் வலி, கிளட்ச் மிதிக்க முடியலை” என்று சொல்லிச் சாவியை என்னிடம் கொடுத்தார். அன்றிலிருந்து எங்கள் வீட்டில் ஓட்டுநர் நான், பக்கத்து சீட்டில் உட்கார்ந்து குறை சொல்கிறவர் அவர்.

சித்திரை மாதம். புதுக்கோட்டையில் ஒரு காதுகுத்துக்குப் போய்விட்டு, சித்தன்னவாசல் வழியாக அன்னவாசலுக்குத் திரும்பிக்கொண்டிருந்தோம். பொழுது சாய்ந்து இருட்டத் தொடங்கியிருந்தது. எங்கள் பக்கத்தில் ரோட்டில் தானியம் காயப் போடுவார்கள், வண்டி ஏறாமல் இருக்கச் சுற்றிலும் கல் வைப்பார்கள். அதெல்லாம் எனக்குத் தெரியாததா? ஆனால் அன்றைக்குக் கல் தெரியவில்லை. தடால் என்று ஒரு சத்தம். முன் சக்கரம் கல்லில் ஏறி, கேழ்வரகில் இறங்கி நின்றது.

கேழ்வரகுக்குப் பக்கத்தில் சாக்கு விரித்து ஒரு பெண் உட்கார்ந்திருந்தார். என் வயதுதான் இருக்கும். காருக்கும் அவருக்கும் நடுவே மூன்று முழம்கூட இல்லை.

“ஆத்தா, கண்ணு தெரியலையா?” என்றார். கோபமாகக்கூட இல்லை, பயந்து போய்க் கேட்டார்.

நான் இறங்கி அவர் கையைப் பிடித்துக்கொண்டேன். சிதறிய கேழ்வரகை இருவரும் சேர்ந்து அள்ளினோம். வீடு வந்ததும் வீட்டுக்காரர் சாவியை வாங்கித் தன் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார்.

“போதும் தனம். ஒங்கண்ணு போச்சு. இனிமே நீ ஓட்ட வேணாம்.”

அந்தப் பெண்ணின் முகம் கண்ணுக்குள்ளேயே நின்றது.

எனக்கா கண்புரை?

வேலையில் இருந்த காலத்தில் கண் முகாம் என்றால் என் பெயர்தான் முதலில் வரும். வீடு வீடாகப் போய்ப் பெரியவர்களைப் பிடித்து வேனில் ஏற்றுவேன். ஒருத்தரும் லேசில் வர மாட்டார்கள். “எனக்கெல்லாம் நல்லாத் தெரியுது, நீ போ” என்பார்கள். ஒரு அம்மாள் அதை நிரூபிப்பதற்காக என் முன்னால் ஊசியில் நூல் கோர்த்துக் காட்டினார். நூல் ஊசிக்கு வெளியே போய்க்கொண்டிருந்தது. அவர் கோர்த்து விட்டதாகவே நினைத்து முடிச்சுப் போட்டார். அவரையும் வேனில் ஏற்றினேன்.

கண் போகிறவர்கள் அதை மறைப்பார்கள். தடுமாறினால் செருப்பைக் குறை சொல்வார்கள், பேப்பர் படிக்க முடியாவிட்டால் அச்சைக் குறை சொல்வார்கள். எனக்கு இந்த ஜாலமெல்லாம் அத்துப்படி. அதனால் நான் மறைக்க விரும்பவில்லை. மறுநாளே பஸ் ஏறிக் கண் டாக்டரிடம் போனேன்.

டாக்டர் சொட்டு மருந்து விட்டு, விளக்கடித்துப் பார்த்து விட்டுச் சிரித்தார். “ஆரம்பப் புரை லேசா இருக்கும்மா. உங்க வயசுக்கு எல்லாருக்கும் இருக்கிறதுதான். தாராளமா வண்டி ஓட்டலாம்” என்றார். கண்ணாடியின் பவரை மட்டும் கொஞ்சம் மாற்றி எழுதினார்.

புதுக் கண்ணாடி போட்டுக்கொண்டு, வீட்டுக்காரரிடம் மன்றாடிச் சாவியை வாங்கி, ஒரு சாயங்காலம் எங்கள் தெருக்கோடி வரை ஓட்டிப் பார்த்தேன். அதே மங்கல். மஞ்சளும் சாம்பலுமாக ஒரு வெளிச்சம் காரின் மூக்குக்கு முன்னால் விழுந்து கிடந்தது, அதற்கு மேல் இருட்டு. திரும்பி வந்து நானே சாவியைக் கொடுத்து விட்டேன். டாக்டர் என் மனம் நோகக் கூடாதென்று பொய் சொல்லி விட்டார் என்றுகூட நினைத்தேன்.

இதில் என்னை உலுக்கியது வேறொன்று. சிங்கப்பூரில் இருக்கும் என் மகள் மலர், தலைப்பிள்ளையோடு ஆவணியில் வருவதாக இருந்தாள். திருச்சிக்கு விடியற்காலை வந்து சேரும் விமானம். “அம்மா, டாக்சியெல்லாம் வேணாம். நீதான் வரணும். எம்புள்ள மொதமொதல்ல ஒன் வண்டியிலதான் வீட்டுக்கு வரணும்” என்று சொல்லியிருந்தாள். நானும் கெத்தாகச் சரி என்று சொல்லியிருந்தேன். விடியற்காலை இருட்டில், நாலு மாதக் குழந்தையை வைத்துக்கொண்டு, கல் தெரியாத கண்ணோடு எப்படி ஓட்டுவது?

வீட்டுக்காரர் ஒரு டாக்சிக்குச் சொல்லி வைத்தார். கையோடு காரை விற்பதற்குப் புரோக்கர் சேகருக்கும் சொல்லி விட்டார். அப்படித்தான் சேகர் எங்கள் வாசலில் வந்து குத்துக்காலிட்டு உட்கார்ந்தார்.

ஒரு செம்புத் தண்ணீர்

சேகர் போனதும் வீட்டில் ஒரு சண்டை நடந்தது. அதை முழுக்க எழுதினால் இந்தப் பத்திரிகைக்காரர்கள் எனக்கு இடம் கொடுக்க மாட்டார்கள்.

“அவன் வெலையக் கொறைக்கிறதுக்குச் சொன்னா, நீ அதையும் நம்புவியா?” என்றார்.

“நம்புறேன். வந்து பாருங்க.”

“பாத்தாச்சு. லைட்டு நல்லாத்தான் இருக்கு. ஒங்கண்ணுதான் சரியில்லை.”

நான் காலியான மோர்ச் செம்பில் தொட்டித் தண்ணீரை மொண்டு, விளக்கின் மேல் ஊற்றினேன். தூசி இருக்கிறதா என்று பார்க்கத்தான் ஊற்றினேன். ஆனால் தண்ணீர் பட்ட இடமெல்லாம் பளிச்சென்று தெளிந்தது. உள்ளே இருக்கும் பல்பும், பின்னால் இருக்கும் வெள்ளித் தகடும் துல்லியமாகத் தெரிந்தன. பத்து எண்ணுவதற்குள் வெயிலில் தண்ணீர் காய்ந்து, மங்கல் மறுபடி மூடிக்கொண்டது. இன்னொரு செம்பு ஊற்றினேன். மறுபடி தெளிந்தது.

அப்படியானால் கோளாறு உள்ளே இல்லை, மேல்தோலில் இருக்கிறது. முப்பது வருஷம் புண்ணுக்கு மருந்து போட்ட எனக்கு இது போதாதா? மேல்தோல் கோளாறை என்னால் சரிப்படுத்த முடியும் என்று தோன்றிய உடனே, ஒரு மாதமாகத் தொலைத்திருந்த தெம்பு திரும்பி வந்தது. அன்றைக்கு நான் சாம்பாரில் இரண்டு முறை உப்புப் போட்டேன், அவ்வளவு சந்தோஷம்.

“காருக்கு மூஞ்சி கழுவி விடுறியாக்கும்” என்று சொல்லி விட்டு அவர் உள்ளே போய் விட்டார்.

பற்பசை வைத்தியம்

போனைத் திறந்தால் உலகமே பற்பசை என்கிறது. தேய்த்தால் பளபளக்குமாம். பக்கத்து வீட்டுப் பரமேஸ்வரி கொசு மருந்தை அடிக்கச் சொன்னாள். அவள் மருமகன் அப்படித்தான் செய்தானாம். பிளாஸ்டிக்கை இளக்கி எடுக்கிற சமாசாரம் எனக்குச் சரியாகப் படவில்லை. அதனால் கொசு மருந்தைக் கொசுவுக்கே விட்டு விட்டு, பற்பசையைப் பிதுக்கினேன்.

ஈரத்துணியில் வைத்து வட்டமாகத் தேய்த்தேன். துணியில் மஞ்சள் இறங்கியது. அரை மணி நேரத்தில் கண்ணாடி போல ஆகி விட்டது. நான் தெருவில் போகிற வருகிறவர்களை எல்லாம் கூப்பிட்டுக் காட்டினேன். தபால்காரரைக்கூட விடவில்லை.

வைகாசி வெயில் எனக்கு ஒரு மாதம்தான் தவணை கொடுத்தது. ஆனி பாதியில் மறுபடி பனி மூடியது போல ஆகி விட்டது. இந்த முறை முன்பைவிட மோசம். தபால்காரர் வரும் நேரத்தில் நான் உள்ளே இருக்கும்படி பார்த்துக்கொண்டேன்.

யார் தேய்த்தது?

வீட்டுக்காரரிடம் சாவியை வாங்கினேன், பட்டப்பகலில் மட்டும் என்ற நிபந்தனையோடு. புதுக்கோட்டையில் கார் பெயிண்ட் அடிக்கும் பட்டறை ஒன்றுக்கு ஓட்டிப் போனேன். பெயிண்டர் முத்து, விளக்கைத் தடவிப் பார்த்தார். வெயிலுக்கு நேராகத் தலையைச் சாய்த்துப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

“இது வெயிலால மட்டும் வந்ததில்லைங்கம்மா. இது கண்ணாடி இல்லை, பிளாஸ்டிக். வெயில் தாங்குறதுக்கு மேல மெல்லிசா ஒரு பூச்சு போட்டுத்தான் கம்பெனியில இருந்து அனுப்புவாங்க. அந்தப் பூச்சை யாரோ வழிச்சு எடுத்திருக்காங்க. இங்க பாருங்க, வட்ட வட்டமாக் கீறல். தேங்கா நார் போட்ட மாதிரில்ல இருக்கு? யாரும்மா தேச்சது?”

நான் என் கைகளை முந்தானைக்குள் இழுத்துக்கொண்டேன்.

ஆயுத பூஜை என்றால் எனக்கு ஒரு வெறி. துணை சுகாதார நிலையத்தில் இருந்தபோது குழந்தைகளை நிறுக்கும் தராசு, கொதிக்க வைக்கும் பாத்திரம், இடுக்கி எல்லாவற்றையும் தேங்காய் நார், புளி, பாத்திரம் விளக்கும் பவுடர் போட்டுத் தேய்த்து, முகம் பார்க்கும்படி வைத்து விடுவேன். கார் வந்த பிறகு காரையும் சேர்த்துக்கொண்டேன். முகப்பு விளக்குக்கு மட்டும் தனிக் கவனம். கண்ணாடி என்றுதானே நினைத்தேன்! புளி ஒரு தேய்ப்பு, பவுடர் ஒரு தேய்ப்பு. அப்புறம் சந்தனம் வைத்து நடுவில் குங்குமம். வைத்த பொட்டைத் துடைக்கக் கூடாது என்று அதைத் தானாக உதிரும் வரை விட்டு விடுவேன். இப்படிப் பத்துப் பன்னிரண்டு பூஜை. ஒவ்வொரு முறையும் தேய்த்து முடித்ததும், இந்தத் தெருவிலேயே எங்கள் கார்தான் சுத்தம் என்று பெருமையாக ஒரு பார்வை வேறு.

“சொல்லுங்கம்மா, யாரு தேச்சது?” என்று முத்து மறுபடி கேட்டார்.

“எங்க வீட்டுக்காரருதான்” என்றேன். “கல்ஃப்ல இருந்தவரு. சொன்னாக் கேக்க மாட்டாரு.”

வாழ்க்கையில் எத்தனையோ பொய் சொல்லியிருக்கிறேன். ஊசி வலிக்காது என்று ஆயிரம் குழந்தைகளிடம் சொல்லியிருக்கிறேன். ஆனால் அந்தப் பொய் மட்டும் வீடு வரும் வரை என் பக்கத்து சீட்டிலேயே உட்கார்ந்து வந்தது.

கொசுவலைக்குள் ஒரு சிகிச்சை

முத்து புதிதாக மாற்றச் சொன்னார். நான் மாட்டேன் என்றேன். கெடுத்தவள் நான், சரி பண்ணுகிறவளும் நானாகவே இருக்க வேண்டும். வேண்டிய பொருள்களை எழுதி வாங்கிக்கொண்டு வந்தேன். தண்ணீர் போட்டுத் தேய்க்கும் உப்புத்தாள் மூன்று தினுசு, ஓரத்தில் ஒட்டும் டேப், வெயில் தாங்கும் கிளியர் என்கிற நிறமற்ற பூச்சு ஸ்பிரே ஒரு டப்பா. கையுறையும் முகக்கவசமும் ஸ்பிரிட்டும் என்னிடமே இருந்தன. ஓய்வு பெற்ற செவிலியர் வீட்டில் அது இல்லாமல் இருக்குமா?

அது ஆடி மாதம். பத்து மணிக்கு மேல் காற்று புழுதியை வாரிக்கொண்டு வந்து விடும். கிளியர் காய்வதற்குள் ஒரு தூசி ஒட்டினால் வேலை கெட்டது. அதனால் விடிந்ததும் ஆரம்பித்தேன். காரின் முன்பக்கத்தைச் சுற்றிப் பழைய கொசுவலையைக் கட்டி, அதற்குள் நான் உட்கார்ந்துகொண்டேன். முதல் நாள் வலது விளக்கு மட்டும். எதையும் ஒரு கையில் போட்டுப் பார்த்து விட்டுத்தான் மறு கையில் போடுவது என் வழக்கம்.

சோப்புத் தண்ணீரில் கழுவினேன். விளக்கைச் சுற்றி பெயிண்டில் கீறல் விழாமல் இருக்க டேப் ஒட்டினேன். முதலில் எண்ணூறு நம்பர் தாள். தாளை நனைத்து, விளக்கையும் நனைத்து, இடமிருந்து வலமாகத் தேய்த்தேன். மஞ்சள் பால் வழிந்தது. வழிய வழியத் தண்ணீர் விட்டேன். வழிவது வெள்ளைப் பாலாக மாறிய பிறகு ஆயிரத்து ஐந்நூறு தாள், இந்த முறை மேலிருந்து கீழாக. அப்புறம் இரண்டாயிரம்; நம்பர் ஏற ஏறத் தாள் நைசாகும். காய்ந்த தாளை ஒருபோதும் வைக்கக் கூடாது. அவசரப்பட்டு ஒரு தாளைத் தாண்டவும் கூடாது. முந்தின தாளின் கீறலை அடுத்த தாள்தான் எடுக்கும்.

தேய்த்து முடித்துத் துடைத்துப் பார்த்தேன். “ஐயோ” என்று வாய் விட்டே சொல்லி விட்டேன். விளக்கு முழுக்க வெளிறி, பால் ஊற்றிய மாதிரி இருந்தது. முன்னால் கொஞ்சமாவது வெளிச்சம் வந்தது, இப்போது அதுவும் வராது போலிருந்தது. கொசுவலைக்கு வெளியே வீட்டுக்காரர் வந்து நின்றார்.

“என்ன, இருந்ததும் போச்சா?”

“அங்கிட்டுப் போங்க. தூசி வருது.”

பஞ்சில் ஸ்பிரிட் தொட்டு விளக்கை ஒரே திசையில் துடைத்தேன், ஊசி போடும் முன் கையைத் துடைப்பது போல. அதற்குப் பிறகு விரல் படக் கூடாது. முகக்கவசம் மாட்டிக்கொண்டு, டப்பாவை நன்றாகக் குலுக்கி, ஒரு சாண் தள்ளிப் பிடித்து, முதல் பூச்சை மெல்லிசாக அடித்தேன்.

அந்த நிமிஷத்தை நான் சாகும் வரை மறக்க மாட்டேன். ஸ்பிரே பட்ட இடமெல்லாம் வெள்ளை மறைந்தது. கீறல் மறைந்தது. செம்புத் தண்ணீர் ஊற்றியபோது தெரிந்த அதே தெளிவு, இந்த முறை காயாமல் நின்றது. நான் வாய் விட்டுச் சிரித்து விட்டேன். பத்து நிமிஷம் விட்டு இரண்டாம் பூச்சு, பிறகு மூன்றாவது.

மறுநாள் இடது விளக்கு. முதல் விளக்கில் ஜெயித்த திமிரில், கடைசிப் பூச்சைக் கிட்டே பிடித்து அடித்து விட்டேன். கீழ் ஓரத்தில் ஒரு சொட்டு வழிந்து, அப்படியே உறைந்து நின்றது. அரிசி மணி அளவுதான். குனிந்து உற்றுப் பார்த்தாலொழிய யாருக்கும் தெரியாது. நானும் யாரிடமும் சொல்லவில்லை.

நடுவில் ஒன்று நடந்தது. முதல் நாள் மாலை, வலது விளக்கு தெளிந்தும் இடது விளக்கு மஞ்சளாகவும் இருந்தபோது வீட்டுக்காரரைக் கூப்பிட்டுக் காட்டினேன். அவர் இரண்டையும் மாறி மாறிப் பார்த்தார்.

“ரெண்டும் ஒண்ணாத்தான் இருக்கு” என்றார்.

எனக்கு வந்த கோபம்! மனுஷனுக்கு இவ்வளவு வீம்பா என்று இரண்டு நாள் முகம் கொடுத்துப் பேசவில்லை. என் கோபம் என் புத்தியை எப்படி மறைத்தது என்பது பிறகுதான் தெரிந்தது.

ஆட்டு மந்தை

ஆவணி வந்தது. மலர் வரும் நாளுக்கு முந்தின சாயங்காலம், சாவியை வாங்கிக் காரை எங்கள் சுற்றுச்சுவருக்கு நேராக நிறுத்தி விளக்கைப் போட்டேன். வெளிச்சம் சுவரில் கோடு கிழித்தது போல விழுந்தது. செங்கல் செங்கலாக எண்ணலாம். பரமேஸ்வரி, “அடேயப்பா, கண்ணு கூசுதுக்கா” என்றாள். நான் வீட்டுக்காரர் பக்கம் திரும்பினேன்.

“நாளைக்கு நான்தான் ஓட்டுறேன். டாக்சிய வேணாம்னு சொல்லிருங்க. நீங்க பக்கத்துல ஒக்காந்து வாங்க. ஒரே ஒரு எடத்துல நான் தடுமாறினாக்கூட அங்கேயே வண்டிய நிறுத்திச் சாவியக் குடுத்துடுறேன். அதுக்கப்பறம் ஆயுசுக்கும் கேக்க மாட்டேன்” என்றேன்.

திருப்பி வாங்க நீட்டிய கையை மடக்கி, சாவியை என்னிடமே விட்டு விட்டார்.

விடிவதற்கு முன் கிளம்பினோம். கீரனூர் தாண்டும் வரை நான் சினிமாப் பாட்டை முணுமுணுத்துக்கொண்டே ஓட்டினேன். மைல்கல்லில் எழுதியிருப்பது தெரிந்தது. ரோட்டோரத்து ஆவாரஞ்செடியின் பூகூடத் தெரிந்தது. இந்த வெளிச்சத்தில் அந்தக் கேழ்வரகுக் கல்லை நான் ரோட்டுக் கோடியிலிருந்தே பார்த்திருப்பேன்.

ஒரு வளைவு திரும்பியதும் தூரத்தில் ஆட்டு மந்தை. நூறு ஆடாவது இருக்கும், ரோட்டை அடைத்துக்கொண்டு நடந்தது. பின்னால் ஆடு மேய்க்கும் கீதாரி, தோளில் தடியோடு. நான் நிதானமாக வேகத்தைக் குறைத்து நிறுத்தினேன்.

“ஏன் நிறுத்துற? என்ன, தடுமாறிட்டியா?” என்றார் வீட்டுக்காரர்.

“முன்னாடி ஆடு போகுதுல்ல.”

“எங்க?”

விளையாடுகிறாரோ என்று திரும்பிப் பார்த்தேன். அவர் விளையாடவில்லை. கழுத்தை நீட்டி, இமைகளைச் சுருக்கி, வெளிச்சத்துக்குள் எதையோ தேடிக்கொண்டிருந்தார். நேர் எதிரே நூறு ஆடு.

எங்க மஞ்சள், வெள்ளையாத்தானே இருக்கு. ரெண்டும் ஒண்ணாத்தான் இருக்கு. முழங்கால் வலி, கிளட்ச் மிதிக்க முடியலை. அவர் சொன்ன மூன்றும் ஒன்றன் பின் ஒன்றாக என் காதில் விழுந்தன. என்ஜினை அணைத்தேன்.

“எத்தனை நாளாங்க?” என்றேன்.

அவர் சட்டைப் பையைத் தடவினார். அங்கே சாவி இல்லை.

“மூணு வருசமிருக்கும்” என்றார் மெதுவாக. “எதிர் லைட்டுப் பட்டா எல்லாம் பொகையாப் போயிரும். ஒங்கிட்டச் சொன்னா வேன்ல ஏத்திருவன்னு பயம். அன்னிக்கு அந்தக் கல்லு… பக்கத்துல ஒக்காந்திருந்த எனக்கும் அது தெரியலை தனம். எனக்கே ஒண்ணும் தெரியலையே, ஒனக்கு மட்டும் எப்படித் தெரியும்னு நெனச்சேன். அதான் சாவியப் பிடுங்குனேன். நீயாச்சும் இருக்கணும்ல.”

எனக்கு அழுகை வந்து விட்டது. வெட்கத்தால் வந்த அழுகை அது. ஊர் ஊராகப் போய் எத்தனை கண்ணுக்குள் டார்ச் அடித்துப் பார்த்தேன்! தினமும் எதிரே உட்கார்ந்து தோசை தின்கிற மனுஷனின் கண்ணைப் பார்க்கவில்லையே. ஊசியில் நூல் கோர்த்துக் காட்டிய அம்மாளைக் கண்டுபிடித்தவள், முழங்கால் வலியை நம்பி விட்டேன்.

கண்ணைத் துடைத்துக்கொண்டு, “நானும் ஒண்ணு சொல்லணும். லைட்டக் கெடுத்தது நான்தான். தேங்கா நார் போட்டுத் தேச்சே கெடுத்தேன். பட்டறையில நீங்கதான் தேச்சீங்கன்னு சொல்லிட்டேன்” என்றேன்.

“அடிப்பாவி” என்றார். பிறகு சிரிக்க ஆரம்பித்தார். நானும் சிரித்தேன். கீதாரி திரும்பிப் பார்த்தார். ஆடுகள் ரோட்டை விட்டு இறங்கிய பிறகும் கொஞ்ச நேரம் நாங்கள் அங்கேயேதான் நின்றோம்.

விமான நிலைய வாசலில் மலர் குழந்தையை நீட்டியதும் அவர் சொன்னார்: “கிட்டக் கொண்டா ஆத்தா. அப்பாவுக்குக் கண்ணு மங்கல்.” அதைச் சொல்ல அவருக்கு மூன்று வருஷமும் நூறு ஆடும் தேவைப்பட்டன. பேரனைப் பின்சீட்டில் மலரின் மடியில் வைத்து, நான் ஓட்டிக்கொண்டு வந்தேன். விடிந்து விட்டது. இருந்தாலும் விளக்கை அணைக்க எனக்கு மனம் வரவில்லை.

ஒரு சொட்டு

இப்போது என் காரை ஷாம்பு தண்ணீரும் மெல்லிய துணியும் தவிர வேறு எதுவும் தொடுவதில்லை. மேற்கு வெயில் முகத்தில் விழாதபடி, வீட்டுச் சுவரைப் பார்த்து நிறுத்துகிறேன். வெளியூரில் நிறுத்தினால் முன்பக்கம் ஒரு பழைய வேட்டி. கிளியரும் நிரந்தரம் இல்லை, இரண்டொரு வருஷத்தில் மறுபடி பார்க்க வேண்டும் என்று முத்து சொல்லியிருக்கிறார். அவரிடம் உண்மையையும் சொல்லி விட்டேன். “எனக்கு அப்பவே தெரியும்மா” என்றார். இந்த ஆயுத பூஜைக்குச் சந்தனப் பொட்டு நம்பர் பிளேட்டில். சாமி கோபித்துக்கொள்ளவில்லை.

வீட்டுக்காரருக்கு ஆபரேஷன் ஆகிக் கட்டுப் பிரித்த மறுநாள். கறுப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு வாசலில் இறங்கினார். வேப்பமரத்தைப் பார்த்தார். என்னைப் பார்த்து, “இம்புட்டு நரைச்சிட்டியே” என்றார். பிறகு காரின் முன்னால் போய், சேகர் உட்கார்ந்த அதே இடத்தில் குத்துக்காலிட்டு உட்கார்ந்தார். முழங்கால் வலி எங்கே போனதென்று நான் கேட்கவில்லை.

வலது விளக்கைப் பார்த்தார். இடது விளக்கைப் பார்த்தார். கறுப்புக் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றி விட்டு, இன்னும் குனிந்து கீழ் ஓரத்தைப் பார்த்தார்.

“தனம், இங்க ஒரு சொட்டு ஒழுகி நிக்குதே. கிட்ட வச்சு அடிச்சிட்டியா?”

கல்யாணமான நாளிலிருந்து அவர் சொன்ன குறைகளுக்குக் கணக்கே கிடையாது. ஒன்றுக்கும் நான் இப்படிச் சந்தோஷப்பட்டதில்லை.

“எங்கேங்க? எனக்குத் தெரியலையே, நல்லாக் காட்டுங்க” என்று பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். அவர் விரலை வைத்து மூன்று முறை காட்டினார்.